டயரின் காற்றளவும் வழிச் சேதமும்

உழவுத் தொழிலில் விளைவிப்பது ஒரு பாதி. விளைந்ததைச் சேதமின்றிக் களத்துக்கும், களத்திலிருந்து விலையாகும் இடத்துக்கும் கொண்டு சேர்ப்பது மற்றொரு பாதி. உழுது, விதைத்து, நீர் பாய்ச்சி, களையெடுத்துப் பல மாதம் பாடுபட்டுச் சேர்த்த மாசூல் முழுவதும், கடைசியில் இரண்டு அல்லது நான்கு சக்கரங்களின் மேல் ஏறியே ஊரைவிட்டுப் புறப்படுகிறது. வெட்டிய கரும்பு ஆலைக்குச் சேரத் தாமதிக்குந்தோறும் எடையும் குறைகிறது, சர்க்கரைச் சத்தும் குறைகிறது. வானம் இருண்டு நிற்கும்போது களத்திலிருக்கும் நெல்லுக்கு ஒரு பொழுதுகூடத் தவணையில்லை. அத்தகைய வேளையில் பாதி வழியில் டிரெய்லரின் டயர் வெடித்து நின்றுவிட்டால், நஷ்டம் டயரின் விலையோடு தீர்வதில்லை. ஏற்றுகூலியும் இறக்குகூலியும் இரட்டிக்கின்றன. ஆட்கள் வீணே நிற்கிறார்கள். வாடகை வண்டிக்குக் கேட்ட தொகையைக் கொடுக்க நேரிடுகிறது. பாரத்தோடு வண்டி சாய்ந்துவிட்டாலோ, மனித உயிருக்கும் மாட்டுயிருக்குமே அபாயம் உண்டாகிறது.

இவ்விதம் டயர் கெட்டுப்போனால் பெரும்பான்மையோர் சாலையின் மீதும், கல்லின் மீதும், செய்து விற்ற கம்பெனியின் மீதும் குறை கூறுவது வழக்கம். சாலைகளிற் குழியும் கூரிய கல்லும் உண்டென்பது மெய்யே. ஆயினும், ஒரே நாளில், ஒரே வழியில், ஒரே விதமான பாரத்தோடு சென்ற இரண்டு வண்டிகளில் ஒன்று யாதொரு சேதமுமின்றி ஊர் சேர்வதையும், மற்றொன்று டயர் கிழிந்து நிற்பதையும் குடியானவர்கள் பலமுறை கண்டிருப்பார்கள். டயரின் பழமையும் தேய்மானமும் இதற்குக் காரணமாகலாம். ஆனால் அவற்றுக்கு அடுத்தபடியாகவும், பல சமயங்களில் அவற்றுக்கு முன்னதாகவும் ஆராய வேண்டியது, டயரினுள் அடைத்திருந்த காற்றின் அளவேயாகும். வழியிலுள்ள கல்லை ஒருவர் தாமாக அகற்றிவிட முடியாது. டயரிலுள்ள காற்றைச் சரியாக வைத்துக்கொள்வது எவருக்கும் கைவசமான காரியம்.

காற்றடைத்த சக்கரம் வந்த வரலாறு

மரச் சக்கரத்தின் மேல் இரும்புப் பட்டா இறுக்கிய பார வண்டியே நெடுங்காலம் கிராமங்களில் வழங்கி வந்தது. அச்சக்கரம் கல்லுக்கு அஞ்சாது. ஆனால் அதன் அதிர்ச்சி முழுவதையும் வண்டியும் மாடுகளின் கழுத்தும் தாங்கவேண்டியிருந்தது. குறுகிய பட்டாவானது சாலையையும் உழுதுவிடும். சக்கரத்தைச் சுற்றிக் காற்றடைத்த ரப்பர்க் குழாயை அமைக்கலாம் என்பதை முதன்முதல் கண்டு உரிமைப் பத்திரம் பெற்றவர் ராபர்ட் வில்லியம் தாம்சன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர். அது 1845-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. அக்காலத்தில் அதனை எவரும் அதிகமாகப் போற்றவில்லை. பின்னர், அயர்லாந்திலுள்ள பெல்பாஸ்ட் நகரில் கால்நடை வைத்தியராயிருந்த ஜான் பாய்ட் டன்லப் என்பவர் தம் மகனுடைய மூன்று சக்கரச் சைக்கிளுக்காக அதே வகையை மறுபடி அமைத்து, 1888-இல் உரிமை பெற்றார். அவர் பெயரே பிற்காலத்தில் மாட்டு வண்டி டயருக்கும் வழங்கும் பெயராயிற்று.

டிராக்டர்களுக்கு முதலில் பல் வைத்த இரும்புச் சக்கரங்களே இருந்தன. 1932-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஆலிஸ்-சாமர்ஸ் கம்பெனியார், குறைந்த காற்றழுத்தமுள்ள ரப்பர் டயர் பூட்டிய டிராக்டரை விற்பனைக்குக் கொணர்ந்தனர். வயலில் உழுத அதே யந்திரம் சாலையிலும் பாரம் இழுக்கலாயிற்று. அது முதற்கொண்டே டயருக்கு இரண்டு எஜமானர்கள் ஏற்பட்டார்கள் எனலாம்: ஒன்று வயல், மற்றொன்று சாலை. வயல் வேண்டுவது குறைந்த காற்று. பாரத்தோடு விரையும் சாலை வேண்டுவது கூடிய காற்று. இவ்விரண்டையும் அறிந்து நடப்பதே டயரைப் பாதுகாக்கும் முறையின் சாரமாகும்.

பாரத்தைத் தாங்குவது எது?

பாரத்தை ரப்பர் தாங்குகிறதென்று பலர் எண்ணுகின்றனர். ரப்பரும் அதனுள் பதிந்த நூலடுக்குகளும் காற்றை அடைத்து வைக்கும் பையேயன்றி வேறல்ல. பாரத்தைச் சுமப்பது உள்ளே அடைபட்ட காற்று. சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று அதன் அழுத்தத்தை அளக்கிறார்கள். சில கருவிகளில் சதுர செண்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்றிருக்கும். ஒரு கிலோ அளவு ஏறக்குறைய 14.2 பவுண்டுக்குச் சமம்.

ஒரு சக்கரத்தின்மேல் 1,800 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 816 கிலோ பாரம் இருப்பதாகக் கொள்வோம். டயரில் 12 பவுண்டு காற்று இருந்தால், அப்பாரத்தைத் தாங்க டயர் சுமார் 150 சதுர அங்குலம் தரையிற் படிய வேண்டும். 18 பவுண்டு இருந்தால் 100 சதுர அங்குலம் போதும். 30 பவுண்டு இருந்தால் 60 சதுர அங்குலமே தரையைத் தொடும். ரப்பரின் விறைப்பினால் இக்கணக்குச் சிறிது மாறுமாயினும், விதி இதுவே. காற்றுக் குறைந்தால் டயர் தட்டையாகப் படிகிறது. காற்று மிகுந்தால் சிறிய இடத்தில் நின்று தரையைக் குத்துகிறது. வயலில் மண் இறுகுவதும் இறுகாததும், சாலையில் டயர் வெட்டுப்படுவதும் படாததும் இதிலிருந்தே விளைகின்றன.

காற்றுக் குறைந்தால் நேரும் சேதங்கள்

காற்றுக் குறைந்த டயர் கல்லின் மீது ஏறும்போது உள்நோக்கி மடிகிறது. மடிப்பு அளவுக்கு மிஞ்சினால், கல்லுக்கும் சக்கரத்தின் இரும்பு ரிம்முக்கும் இடையில் டயரும் டியூபும் நசுங்குகின்றன. குழியின் விளிம்பில் பாரத்தோடு விழும்போதும் இதுவே நிகழ்கிறது. டியூபைக் கழற்றிப் பார்த்தால் அருகருகே இரண்டு ஓட்டைகள் காணப்படும். முள்ளோ ஆணியோ குத்தினால் பெரும்பாலும் ஒரு துளையே இருக்கும். இரட்டைத் துளை இருந்தால் அது குறைந்த காற்றுடன் ஓட்டியதன் அடையாளமென்று அறியலாம்.

இரண்டாவதாக, காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் புடைத்து வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். டயரின் அடிப்பட்டை தடித்தது, பக்கச்சுவரோ மெல்லியது. தார்ச்சாலையின் உடைந்த ஓரமும், மைல் கல்லும், பாலத்தின் கைப்பிடிச் சுவரும், அறுவடையான வயலில் நிற்கும் துவரை, பருத்தி, மக்காச்சோளத் தாள்களின் கூரிய அடிக்கட்டைகளும் அந்த மெல்லிய பாகத்தையே கிழிக்கின்றன. பக்கச்சுவரிற் பட்ட வெட்டுக்கு நம்பத்தக்க பழுது கிடையாதென்றே கூறலாம்.

மூன்றாவது, ஒவ்வொரு சுற்றிலும் பக்கச்சுவர் அதிகமாக வளைந்து நிமிர்வதால் டயரினுள் சூடு உண்டாகிறது. பாரமும் வேகமும் சேர்ந்தால் இச்சூடு பெருகி, நூலடுக்குகளை ஒன்றோடொன்று பிணைத்திருக்கும் ரப்பர் பிடிவிடுகிறது. அவ்வாறு தளர்ந்த டயர் ஒரு சிறு கல்லில் மோதியவுடன் வெடிக்கும். அப்போது கல்லே காரணமென்று தோன்றும். உண்மையில் டயர் அதற்கு முன்னரே உள்ளூரக் கெட்டிருந்தது.

நான்காவது, டிராக்டரின் பின் சக்கரங்களுக்கு உரியது. கலப்பையை இழுக்கும் வேகத்தில், காற்றுக் குறைந்த டயர் ரிம்மைப் பற்றி நிற்காமல் அதன்மேல் நழுவிச் சுற்றுகிறது. வால்வு ரிம்மின் துளையிலேயே நிற்க, டியூப் டயரோடு நகர்வதால், வால்வு அடியோடு பிய்ந்துபோகிறது. டயரின் மீதும் ரிம்மின் மீதும் நேருக்கு நேராகப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்து வைத்தால், அக்கோடுகள் விலகுவதைக் கொண்டு இந்த நழுவலை முன்கூட்டியே கண்டுகொள்ளலாம். இது செலவில்லாத உபாயம்.

காற்று மிகுந்தால் நேரும் சேதங்கள்

மேற்கூறியவற்றைக் கேட்டு, காற்றைக் கெட்டியாக அடித்துவிட்டால் கவலையில்லை என்று எண்ணுவது மற்றொரு தவறு. அளவு மிஞ்சிக் காற்றடைத்த டயரின் நூல்கள் ஏற்கெனவே முறுக்கேறி நிற்கின்றன. கல்லில் மோதும்போது வளைந்து கொடுக்க அவற்றில் இடமில்லை. கூரிய கல்லின் முனை, இறுகக் கட்டிய தோலில் கத்தி பாய்வதைப்போல் எளிதில் வெட்டிவிடுகிறது. மழுங்கிய கல்லாயின் வெளியில் யாதொன்றும் தெரியாது; ஆனால் உட்புறத்து நூல்கள் பெருக்கற்குறியைப் போலவோ நட்சத்திரத்தைப் போலவோ அறுந்துவிடும். அந்த இடம் சில நாட்களிலோ சில வாரங்களிலோ கட்டி புறப்பட்டதுபோல் வீங்கி, பின்பு எதிர்பாராத வேளையில் வெடிக்கும்.

அன்றியும், மிகுந்த காற்றினால் டயரின் நடுப்பகுதி மட்டும் தரையைத் தொட்டு விரைவில் தேய்கிறது. உழவில் சக்கரம் பிடிப்பின்றிச் சுழன்று டீசல் வீணாகிறது. ஈர வயலில் மண் இறுகி, அடுத்த பயிரின் வேர் இறங்க இடமில்லாமற் போகிறது. வண்டி துள்ளுவதால் அச்சும் தாங்கிகளும் அதிர்கின்றன. ஆதலால், காற்றுக் குறைவதும் கேடு, மிகுவதும் கேடு. நடுநிலை ஒன்று உண்டு; அதை அறிந்துகொள்ள வேண்டும்.

சரியான அளவை அறிவது எங்ஙனம்?

சரியான அளவு எல்லா டயருக்கும் ஒன்றல்ல. டயரின் பருமன், நூலடுக்கின் வலிமை, சுமக்கும் பாரம், செல்லும் வேகம் ஆகிய நான்கையும் பொறுத்து அது மாறும். டயரின் பக்கச்சுவரிலேயே இவற்றுக்குரிய குறிகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. உதாரணமாக 13.6-28 என்றிருந்தால், முதல் எண் டயரின் அகலத்தையும், இரண்டாவது எண் ரிம்மின் குறுக்களவையும் அங்குலத்தில் குறிக்கும். 8 பி.ஆர்., 12 பி.ஆர். என்பவை நூலடுக்கின் வலிமையைக் காட்டுவன. எண் கூடினால் அதிக காற்றையும் அதிக பாரத்தையும் தாங்கும். ஏ6 என்ற குறி மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்துக்கும், ஏ8 என்பது 40 கிலோமீட்டர் வேகத்துக்கும் உரியது. உச்ச பாரமும் அதற்குரிய உச்சக் காற்றும் பல டயர்களில் எழுதப்பட்டிருக்கும். அந்த உச்ச எண் எல்லை மட்டுமே. எப்போதும் அவ்வளவு அடைக்க வேண்டும் என்பது அதன் பொருளன்று.

நடைமுறைக்கு உரிய அளவை டிராக்டருடன் கொடுக்கப்படும் கைநூலிலும், டயர் கம்பெனியாரின் பட்டியலிலும் காணலாம். நம் நாட்டில் வழங்கும் நடுத்தர டிராக்டர்கள் பலவற்றில், உழவு வேலைக்குப் பின் சக்கரங்களில் 12 முதல் 16 பவுண்டும், முன் சக்கரங்களில் 25 முதல் 35 பவுண்டும் இருக்கும்படி கைநூல்கள் கூறுகின்றன. டிரெய்லரின் டயர்கள் லாரி டயரைப் போன்ற வலிய நூலடுக்குடையன. அவற்றுக்குப் பின் சக்கரத்தைப்போற் பல மடங்கு காற்று தேவை. ஆகவே டிராக்டரின் பெரிய சக்கரத்தைப் பார்த்து அதற்கே அதிகக் காற்று வேண்டுமென்றும், டிரெய்லரின் சிறிய சக்கரத்துக்குக் குறைவாகப் போதுமென்றும் மதிப்பிடுவது முற்றிலும் தலைகீழான கணக்கு.

வயலிலிருந்து சாலைக்கு ஏறும்போது

உழவுக்கென்று வைத்த குறைந்த காற்றோடு, பாரம் நிறைந்த டிரெய்லரைப் பூட்டிச் சாலையில் ஓட்டுவதே பின் டயர்களுக்கு மிகுந்த கேடு விளைவிக்கும் பழக்கம். டிரெய்லரின் முன்பாரத்தில் ஒரு பங்கு டிராக்டரின் பின் அச்சின்மேல் இறங்குகிறது, வேகமும் கூடுகிறது. ஆதலால், பல நாள் தொடர்ந்து கரும்போ நெல்லோ ஏற்றும் பருவம் தொடங்குமுன், கைநூலிற் பார இழுவைக்கென்று குறித்த அளவுக்குக் காற்றை உயர்த்திக்கொள்ள வேண்டும். பருவம் முடிந்து உழவு தொடங்கும்போது மறுபடி இறக்கிக்கொள்ள வேண்டும். ஆண்டில் இரண்டு மூன்று முறை செய்யும் இவ்வேலைக்கு அரை மணி நேரமும் செல்லாது.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை கூறுவது அவசியம். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தை 40 ஆக்கினால், ஓடும் வண்டியிலுள்ள சக்தி இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. குழியிலும் வேகத்தடையிலும் டயர் வாங்கும் அடி அதற்கேற்பப் பெருகுகிறது. எவ்வளவு சரியாகக் காற்றடைத்த டயரும், எல்லை மீறிய பாரத்தோடும் வேகத்தோடும் குழியில் விழுந்தால் தாங்காது. பாரம் எல்லையை மீறும்போது காற்றையும் எல்லை மீறி அடைத்துவிட்டால் சரியாகிவிடும் என்பதும் இல்லை. பாரத்தைக் குறைப்பதொன்றே வழி. தவிர்க்க முடியாத குழியைக் கண்டால், அதன் விளிம்பை அடையுமுன் வேகத்தைத் தணித்து, பிரேக்கை விட்டு மெல்ல இறக்கி ஏற்ற வேண்டும். பிரேக் அழுத்தியபடியே குழியில் இறங்கினால், பாரம் முன் சக்கரங்களிற் சாய்ந்து அடி கடுமையாகும்.

அளக்கும் முறை

டயரைக் காலால் உதைத்தும், கட்டையால் தட்டி ஓசை கேட்டும் காற்றை மதிப்பிடுவது பழக்கமாயிருக்கிறது. முற்றிலும் காற்றிழந்த டயரை அவ்விதம் அறியலாம். கால் பங்கு குறைந்ததை அறிய முடியாது. நல்ல கேஜ் ஒன்றை ஒவ்வொரு டிராக்டர் உடையவரும் சொந்தமாக வைத்திருப்பது நலம். லாரி டயருக்கென்று அமைந்த, நூறு பவுண்டுக்கு மேற்படக் காட்டும் கேஜ், 12 பவுண்டு போன்ற சிறிய அளவைத் திட்டமாகக் காட்டாது. டிராக்டரின் பின் டயருக்குக் குறைந்த அழுத்தம் காட்டும் கேஜையே உபயோகிக்க வேண்டும்.

அளப்பதற்கு உகந்த வேளை, வண்டி புறப்படுமுன் விடியற்காலை. ஓடிச் சூடேறிய டயரில் காற்று விரிந்து, அளவு கூடுதலாகக் காட்டும். 27 டிகிரி சூட்டில் 60 பவுண்டு வைத்த டிரெய்லர் டயர், உள்ளே 57 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 67 பவுண்டு காட்டும். காற்று மிகுந்துவிட்டதென்று அஞ்சி, வழியில் நிறுத்தி 60-க்கு இறக்கிவிட்டால், மறுநாள் காலையில் அந்த டயரில் சுமார் 53 பவுண்டே மிஞ்சியிருக்கும். அன்று ஏற்றும் பாரத்தைக் காற்றுக் குறைந்த டயர் சுமக்க நேரிடும். கோடையில் இத்தவறு மிகுதியாக நிகழ்கிறது. சூடான டயரிலிருந்து ஒருபோதும் காற்றை இறக்கலாகாது.

வாரத்துக்கு ஒருமுறையும், பாரம் ஏற்றும் பருவத்தில் நாள்தோறும் காலையிலும் அளப்பது தகும். ஓர் அச்சிலுள்ள இரண்டு டயர்களிலும் சமமான காற்று இருக்க வேண்டும். அளந்தபின் வால்வு மூடியைத் தவறாமல் பூட்ட வேண்டும். மூடியில்லாத வால்வில் புழுதியும் சேறும் புகுந்து, வால்வு ஊசி சரியாகப் பொருந்தாமற் காற்று மெல்லக் கசியும். சோப்பு நீரை வால்வின் வாயிற் பூசினால், குமிழி எழுவதைக் கொண்டு கசிவை அறியலாம்.

சேற்று உழவுக்கும் பார இழுவைக்கும் எடை கூட்டுவதற்காகப் பின் டயர்களில் தண்ணீர் நிரப்புவோர் பலர். வால்வை மேற்புறம் நிறுத்தி, டயரின் கொள்ளளவில் முக்கால் பங்குக்கு மேற்படாமல் நிரப்புவது முறை. எஞ்சிய கால் பங்கிலேயே காற்று இருப்பதால், சிறிது கசிந்தாலும் அழுத்தம் விரைவாக இறங்கிவிடும். ஆகவே நீர் நிரப்பிய டயரை மற்றவற்றைவிட அடிக்கடி சோதிக்க வேண்டும். அளக்கும்போதும் வால்வு மேற்புறமாகவே இருக்க வேண்டும்.

மாட்டு வண்டி டயர்கள்

டயர் பூட்டிய மாட்டு வண்டியில் வேகம் குறைவாதலால் சூட்டினால் வரும் சேதம் அதிகமில்லை. அங்கே கவனிக்க வேண்டியவை கல்லில் நசுங்குதலும், மாடுகளின் வருத்தமுமேயாகும். கெட்டியான சாலையில் காற்றுக் குறைந்த டயர் இழுவையைக் கூட்டுகிறது. ஒரு சக்கரத்தில் மட்டும் குறைந்தால் வண்டி அந்தப் பக்கமாக இழுத்து, இரண்டு மாடுகளுக்கும் பாரம் சமமின்றி விழுகிறது. வாயில்லா உயிர்கள் அதைச் சொல்ல அறியா. நுகத்தடிப் புண்ணைக் கண்ட பின்னரே வண்டிக்காரர் அறிகிறார். மணல் வழியிலும் ஆற்றுப் படுகையிலும் மட்டும் காற்றைச் சிறிது குறைத்தால் சக்கரம் புதையாமல் இழுவை எளிதாகும். சாலைக்கு ஏறியதும் மறுபடி நிரப்பிவிட வேண்டும். லாரியிலும் காரிலும் ஓடித் தேய்ந்து தள்ளிய டயர்களை வாங்கிப் பூட்டுவோர், உட்புறத்தில் நூல் அறுந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்த பின்னரே விலை பேசுவது நலம்.

சேதத்தைப் பார்த்துக் காரணம் அறிதல்

நோயாளியின் நாடியைப் பார்த்து நோயறிவதுபோல், பழைய டயரைப் பார்த்து அதன் பராமரிப்பை அறியலாம். இரண்டு ஓரங்களும் தேய்ந்து நடுவில் பட்டன் நின்றால் காற்றுக் குறைவு. நடு தேய்ந்து ஓரம் நின்றால் காற்று மிகுதி. ஓர் ஓரம் மட்டும் தேய்ந்தால் சக்கரத்தின் அமைப்பில் கோணல் உண்டு. பக்கச்சுவரில் சுற்றுமுழுதும் வளையம் போன்ற வெடிப்பு இருந்தால், பாரத்தோடு காற்றின்றி ஓடியதென்று கொள்ளலாம். ஓரிடத்தில் மட்டும் வீக்கம் கண்டால், கல்லில் மோதி உள்நூல் அறுந்துவிட்டது; அத்தகைய டயரை உடனே கழற்றிச் சோதிக்க வேண்டும். சிறு வெட்டுக்களில் சிக்கிய கல்லையும் முள்ளையும் மாலைதோறும் பிடுங்கி எறிந்தால், அவை ஆழமாக இறங்கி நூலைத் தொடுவது தவிர்க்கப்படும். சீமைக் கருவேல முள் இவற்றுள் முதன்மையானது. எந்தக் காற்றளவும் அதைத் தடுத்து நிறுத்தாது. அதற்கு வழியைச் சுத்தமாக வைத்திருப்பதே மருந்து.

ஊர்ப் பொறுப்பாளர்கள் கவனிக்க வேண்டுவன

வழியைச் சுத்தமாக வைத்திருப்பது தனிமனிதர் ஒருவரால் ஆவதன்று. வண்டிப் பாதைகளின் ஓரத்தில் வெட்டிய கருவேல முள்ளைப் பாதையிலேயே விட்டுச் செல்லாதபடி கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சியாரும் ஊராருக்கு அறிவுறுத்தலாம். தார்ச்சாலையிலிருந்து வயற்பாதை பிரியும் இடங்களில் சாலையின் ஓரம் உடைந்து ஒரு முழம் பள்ளமாயிருப்பது பல ஊர்களிற் காணும் காட்சி. பாரவண்டிகளின் பக்கச்சுவர் கிழிவது பெரும்பாலும் அவ்விடத்திலேயே. சில வண்டிக் கப்பி மண் கொட்டிச் சரிவாக்கினால், அறுவடைக் காலம் முழுவதும் ஊரின் டயர்கள் தப்பும். சேற்று உழவுக்குப் பூட்டும் இரும்புக் கேஜ் சக்கரங்களைக் கழற்றாமலே தார்ச்சாலையில் டிராக்டரை ஓட்டுவோரால் சாலை கீறிப் பெயர்கிறது. இன்று அவர்கள் செய்த கீறலே, நாளை மழையில் குழியாகி, அவர்கள் டயரையே கிழிக்கும். இதை எடுத்துரைத்துத் தடுப்பது ஊர்ப் பொறுப்பாளர்களின் கடமையாகும். கூட்டாக டிராக்டர் வைத்திருக்கும் உழவர் குழுக்கள், ஒரு நல்ல கேஜையும் சிறு கம்ப்ரசரையும் பொதுவில் வாங்கிவைத்தால் அனைவருக்கும் பயன்படும்.

காற்றடிக்கும்போது எச்சரிக்கை

அழுத்தமான காற்றை அடைத்த டயர், பெரும் சக்தியை அடக்கி வைத்த பாத்திரமாகும். புதிதாகப் பூட்டிய டிராக்டர் டயரின் விளிம்பு ரிம்மில் சரியாக உட்காரவில்லையென்று காற்றை மேலும் மேலும் அடிப்பது உயிருக்கே ஆபத்தானது. விளிம்பை உட்கார்த்தும் பொருட்டு 35 பவுண்டுக்கு மேல் போகலாகாது. அதற்குள் உட்காராவிட்டால், காற்றை முழுவதும் இறக்கி, விளிம்பில் சோப்பு நீர் தடவி, மறுபடி சரியாகப் பொருத்திய பின்னரே அடிக்க வேண்டும். காற்றடிப்பவர் நீண்ட குழாயைக் கொண்டு, டயருக்கு நேரே நில்லாமல் பக்கத்தில் விலகி நிற்க வேண்டும். டயர் பூட்டியிருக்கும் ரிம்மை வெல்டிங் செய்வதைப் போன்ற விபரீதம் வேறில்லை. காற்றை இறக்கிவிட்டாலும், டயரைக் கழற்றாமல் அவ்வேலையைச் செய்யக்கூடாது. சரக்கு ஏற்றுவதற்கென்று அமைந்த டிரெய்லரில் நடவாட்களையும் அறுவடையாட்களையும் ஏற்றிச் செல்வதும் ஒருபோதும் தகாது. பாரத்தோடு டயர் வெடித்து டிரெய்லர் கவிழும்போது, மூட்டை சிதறினால் அள்ளிக்கொள்ளலாம். உயிர் போனால் மீளாது.

முடிவு

காற்று விலையின்றிக் கிடைப்பதால் அதன் மதிப்பை எவரும் உணர்வதில்லை. டயரோ நாளுக்கு நாள் விலை ஏறும் பொருள். விலையில்லாத பொருளை அளவறிந்து அடைத்தால், விலையுயர்ந்த பொருள் அதன் ஆயுள் முழுவதும் உழைக்கும். கைநூலில் உழவுக்கும் சாலைக்கும் உரிய அளவுகளைப் பார்த்து, அவற்றை டிராக்டரின் மட்கார்டிலும் டிரெய்லரின் பலகையிலும் பெயிண்டால் எழுதிவைத்தால், ஓட்டுநர் மாறினாலும் அளவு மாறாது. விடியற்காலையில், சக்கரம் ஆறியிருக்கும்போது, கேஜினால் அளப்பது. பாரத்துக்கும் வழிக்கும் தக்கபடி காற்றைத் திருத்துவது. எல்லைக்கு மேல் பாரமேற்றாதிருப்பது. குழியைக் கண்டால் வேகத்தைத் தணிப்பது. இந்நான்கையும் கைக்கொள்ளும் குடியானவரின் வண்டி, அறுவடைக் காலத்தில் நடுவழியில் நிற்பது அரிது.